நிமிராத ஆணி

எமாய் தீவில் நான் இறங்கியபோது
புயல் கடந்து பதினேழு நாள்.
மடிக்கணினியில் முடிவு ஏற்கெனவே இருந்தது:
கிடைக்கோட்டில் காற்றின் வேகம்,
செங்குத்தில் சேதத்தின் விகிதம்,
நடுவே வளைந்தேறும் ஒரு கோடு.
மணிக்கு இருநூறு கிலோமீட்டரில்
ஓலைக் கூரை நூற்றுக்கு நூறு.
தகரம் எழுபத்திரண்டு.
சரிபார்க்க மட்டுமே வந்தேன்.

விலா நகர அலுவலகத்தில்
இதெல்லாம் எங்களுக்குப் பழகிய கணக்கு.
ஒரு தென்னை சாய்ந்தால் ஏழு வருட விளைச்சல்;
இன்றைய மதிப்புக்குச் சுருக்க
ஆண்டுக்கு ஐந்து சதவீதம் கழி.
ஏழாம் வருடத்துத் தேங்காய்
என் திரையில் சிறுத்துக் கிடக்கும்.
கப்பலில் புதுத் தகரம் வந்திறங்க
கட்டுமானத் துறை வளரும்.
இரண்டாம் ஆண்டில் நாட்டின் கோடு
புயலே வராதிருந்தால் தொட்டிருக்கும் உயரத்தைத்
தாண்டியும் போகும்.
"அப்படியென்றால் நல்லதுதானா?"
என்று கேட்டார் அமைச்சக அதிகாரி,
தேநீரைக் கீழே வைத்துவிட்டு.
அடுத்த படத்துக்குப் போனேன்.

பட்டியலில் முதல் வீடு லெய்சாவியுடையது.
வீடு இல்லை, லெய்சாவி இருந்தாள்.
கருங்கல்மேல் ஆணியை உருட்டி உருட்டித்
தட்டிக்கொண்டிருந்தாள்.
உடைந்த ஒலிபெருக்கியின் காந்தத்தைக்
கயிற்றில் கட்டிச் சேற்றில் இழுத்துப் போனார்கள்
அவள் பிள்ளைகள்.
காந்தத்தில் மீசை முளைத்ததுபோல் ஆணிகள்.

"ஆணிக்குச் செலவு?"
"ஒன்றுமில்லை."
பூஜ்யம் என்று எழுதினேன்.
அவள் எட்டிப் பார்த்தாள்.
"மூன்று நாளாய்த் தட்டுகிறேன்.
தோட்டத்துக்குப் போகவில்லை.
விழுந்த வாழையைப் பன்றி தின்றுவிட்டது.
அந்தப் பன்றியும் என்னுடையதில்லை.
இதை எங்கே எழுதுவாய்?"
படிவத்தின் அடிவரை விரல் ஓட்டிப்போய்
'பிற' என்ற கட்டத்தைக் காட்டினேன்.
சுண்டுவிரல் நகமளவு இடம்.
அவள் கட்டைவிரல் நகம்
கறுத்திருந்தது.

இரவு பள்ளிக்கூடத்தில் தார்ப்பாய்க்கு அடியில் படுத்தேன்.
ஊர் முழுக்கத் தட்டும் சத்தம்,
ஒன்றோடொன்று ஒத்துப்போகாமல்.
பதினான்கு சதவீத மின்சாரம் மிச்சமிருந்தது.
நானூற்றுப் பதினொரு ஆணி,
ஆணிக்கு இரண்டு நிமிடம்,
குறைந்தபட்சக் கூலியால் பெருக்கிப் பார்த்தேன்.
ஒரு தகரத்தின் விலைகூட வரவில்லை.
மறுபடி பெருக்கினேன்.
எண் சரிதான்.
அதுதான் தொந்தரவு.

கிளம்பும்போது லெய்சாவி
டப்பாவிலிருந்து ஒன்றைப் பொறுக்கித் தந்தாள்,
கழுத்தில் விரிசல் விட்ட ஆணி.
"இது நிமிராது. இன்னொரு அடி அடித்தால் முறியும்.
நீ வைத்துக்கொள்."

சுவா மாநாட்டுக்குப் பறக்கும் நாளில்
சோதனை எந்திரம் கத்தியது.
வளைகோடும் வண்ணப் படங்களும் இருந்த பையின்
அடியில் துழாவி எடுத்தேன்.
காவலர் உள்ளங்கையில் வைத்துப்
புரட்டிப் பார்த்தார்.
"இது எதற்கு?"

எனக்குப் பின்னால்
வரிசை நீண்டுகொண்டிருந்தது.