திறப்புப் பதிவேடு

எங்கள் லயத்தில் அதற்குச் சாவி என்று பெயர்.
கல்லூரிக் காரியாலயத்தில் திறப்பு.
பூட்டுவதும் அதனால்தான்.
ஆனாலும் பெயர் திறப்பு.

பலகையில் முப்பத்தொரு கொக்கிகள். அடியில் என் மேசை.
எடுத்தவர், எடுத்த நேரம், கொடுத்த நேரம், ஒப்பம்.
நேரத்தில் மட்டும் ஒரு நிமிடமும் விட்டுக்கொடுக்க மாட்டேன்.
அம்மா பறித்த பதினெட்டுக் கிலோவைப்
பதினாறென்று எழுதிய பேனையைத்
தராசடியில் நின்று பார்த்தவள் நான்.
எழுதியதுதான் நிற்கும்.

பதினான்கு: விளையாட்டுக் களஞ்சியம்.
சனிக்கிழமைகளில் கீழ்ப்பிரிவுப் பிள்ளைகள்
ஓட்டப் பயிற்சிக்கு எங்கள் மைதானம் வருவார்கள்.
பயிற்றுவிப்பாளர் நல்லவர் என்று பேச்சு.
வெறுங்காலோடு ஓடியவனுக்குச் சப்பாத்து வாங்கித் தந்தவர்.
திறப்புக்குக் கை நீட்டும்போதே
"அம்மாவுக்குச் சுகமா, தங்கச்சி?" என்பார்.
சுகம் என்பேன்.
நான்தான் கொடுத்தேன்.
எந்தச் சொல்லுக்குப் பின்னாலும் இதை ஒளிக்க முடியவில்லை:
ஒவ்வொரு முறையும்
என் கையால்தான் கொடுத்தேன்.

மிதுர்ஷனுக்குப் பதினொரு வயது. நானூறு மீற்றர்.
ஓகஸ்டில் பணிஸை வாங்கி நாய்க்குப் போட்டான்.
செப்டெம்பரில் பயிற்சிக்கு முன்பே வந்து
என் வாசற்படியில் குந்தியிருந்தான்.
மழைக்கு என்று நினைத்தேன்.
மழை இல்லை.

ஒரு சனி, பலகையைப் பார்த்தபடி கேட்டான்:
"அக்கா, ஒரு சாவி தொலைஞ்சா என்ன செய்வீங்க?"
"வேற வெட்டுவோம்."
"எத்தன நாள் ஆகும்?"
"டவுனுக்குப் போனா அரை மணித்தியாலம்."
காற்சட்டைப் பைக்குள் கைவிட்டான்.
பதினான்கை எடுத்து மேசையில் வைத்தான்.
பித்தளை சுட்டது.
அவ்வளவு நேரம் பொத்தியிருந்திருக்கிறான்.

நான் அவனை உலுப்பவில்லை. கதவைச் சாத்தவுமில்லை.
"இங்கயே இரு. இன்னைக்கி இது யாருக்கும் கெடயாது."
நான்கு மணிக்கு அவர் வந்தார்.
பதிவேட்டில் என் முதல் பொய்யை எழுதினேன்:
14 - பூட்டு பழுது.

அன்றிரவு தாள்களைப் பின்னோக்கிப் புரட்டினேன்.
பயிற்சி முடிவது ஐந்துக்கு.
திறப்பு திரும்பியது 5.50. 6.05. 6.20.
பயிற்சியே இல்லாத ஒரு போயா நாளில், 3.15.
எல்லாம் என் கையெழுத்தில், நிமிடம் பிசகாமல்.
எழுதத் தெரிந்திருக்கிறது.
வாசிக்கத் தெரியவில்லை.

பீடாதிபதி கண்ணாடியைக் கழற்றினார்.
"கல்லூரிக்கு ஒரு பேர் இருக்கு.
தோட்டத்துப் பிள்ளை, வீட்டில என்ன பிரச்சினையோ.
பதிவேட்ட வச்சிட்டுப் போங்க, நான் பார்க்கிறன்."
வைத்துவிட்டு வந்தேன்.
அப்புத்தளை பஸ் நிலையத்துக்கு எதிரே
கொமியூனிகேஷன் கடை திறந்த கையோடு
போட்டோக்கொப்பி எடுத்திருந்தேன்,
நாற்பத்திரண்டு பக்கம்.
கணவாய்க் காற்று பிடுங்கப் பார்த்தது.
தாள்களை வயிற்றோடு அணைத்தபடி
1929ஐ அழுத்தினேன்.
மறுமுனையில் ஒரு பெண், "சொல்லுங்க" என்றாள்.
அந்த வாரம் வேறெவரும்
என்னிடம் அப்படிச் சொல்லவில்லை.

பிறகு நடந்தது மெதுவாக நடந்தது.
இன்னும் நடக்கிறது.
வழக்குக்கு மறுபடி தவணை.
சிற்றுண்டிச்சாலையில் என் மேசைக்கு யாரும் வருவதில்லை.
அவனுடைய அம்மா ஒருநாள்
கொழுந்துப் படங்கை இடுப்பில் கட்டியபடியே வந்து
வாசலோடு நின்றுவிட்டுப் போனாள்.

ஜனவரியில் மாமனோடு வந்தான். கொஞ்சம் வளர்ந்திருந்தான்.
"வேற வெட்டிட்டாங்களா?"
"இல்ல. கதவையே கழட்டிட்டாங்க."
யோசித்தான்.
"கழட்டி எங்க வச்சாங்க?"
எனக்குத் தெரியவில்லை.
மூவரும் தேடிப் போனோம்.
தண்ணீர்த் தாங்கிக்குப் பின்னால், பழைய தகரங்களோடு,
மழையில் ஊறிச் சாய்ந்திருந்தது.
அவன் கிட்டப் போகவில்லை.
எட்ட நின்று பார்த்தான், கண்ணெடுக்காமல்.

திரும்பி வந்து பதிவேட்டைத் திறந்தேன்.
இடம் எழுதினேன். திகதி, நேரம்.
கண்டவர் என்று ஒரு நிரல் அதில் இல்லை.
அடிமட்டம் வைத்து
ஒரு கோடு போட்டேன்.