பதினேழாவது பில்ட்

திருத்துறைப்பூண்டி, ராத்திரி இரண்டே கால்.
மேசைக்கடியில் ஒரு கம்ப்யூட்டர்,
அதன் வயிற்றில் இன்னொன்று.
உள்ளே கிடப்பதற்குத் திரை கிடையாது.
உண்டென்று நம்பவைக்கும் டிரைவரை
நானும் நாகூரிலிருந்து மெஹர்பானுவும்
ஆடி பிறந்ததிலிருந்து எழுதுகிறோம்.

நீலம் வந்தது.
மேலிருந்து வரிவரியாய் இறங்கி
எழுநூறாவது வரியில் நின்றுவிட்டது.
அதற்குக் கீழே கறுப்பு.

‘கடைமடைக்கு ஏறல’ என்று அனுப்பினேன்.
‘ஷட்டர் யார் கையில?’ என்றாள்.

என் கையில்தான்.
நினைவகப் பங்கீட்டை
என்றைக்கோ சிக்கனமென்று
நானே குறைத்து எழுதியிருக்கிறேன்.

ஒரு எண்ணை மாற்றினேன்.
கரை முட்ட நிறைந்தது
இல்லாத திரை.

சன்னலுக்கு அப்பால் முள்ளியாறு,
புரட்டாசியிலும் மணல்.
இங்கே மவுஸ் அம்பு
தலைகீழாக நிற்கிறது.
அது நாளைக்கு.