பொறு

கோண்டாவில் மண்டபத்தில் கரண்ட் நிண்டது
தாலி ஏற இரண்டு நிமிசம் இருக்க.
மேளம் நிற்கவில்லை.
ஜெனரேற்றர்காரன் கொல்லைப்பக்கம் கயிறு இழுத்துக்கொண்டிருந்தான்.
எனக்கு மிஞ்சியது குத்துவிளக்கு இரண்டும்
ஐயரின் ஓமத்தீயும்
கஸ்தூரியார் வீதியில் இரண்டாங்கையாய் வாங்கின கமராவும்.
ஐஎஸ்ஓவைப் பன்னீராயிரத்து எண்ணூறுக்கு ஏற்றி
அமத்தினேன்.

கமராவின் முதுகில் செம்மஞ்சளாய் ஒரு பொட்டு மினுங்கியது:
பொறு.

பொறுத்தேன்.
உள்ளே நகத்தளவு சிப் வேலை தொடங்கியிருக்கும்.
சென்சர் அதற்குக் கொடுத்தது படமில்லை,
இரண்டு கோடியே நாற்பது லட்சம் குழிகளில்
எவ்வளவு வெளிச்சம் விழுந்தது எண்ட கணக்கு.
குழிக்கு ஒரு நிறக்கண்ணாடி.
சிவப்புக்காரனுக்குச் சிவப்பைத் தவிர ஒன்றும் தெரியாது.
நீலக்காரனுக்கு நீலம்.
பச்சைக்கு மட்டும் இரட்டைப் பங்கு,
மனுசக் கண் அதில்தான் கூர்மை எண்டபடியால்.
கூறைச்சேலையின் ஒரு நூலில்
பச்சை எவ்வளவு, நீலம் எவ்வளவு எண்டு
சிவப்புக்குழிக்காக
வேலிப் பொட்டுக்குள்ளால் பக்கத்து வளவை விசாரித்து
சொன்னதைக் கூட்டிப் பிரித்து
எழுதிக்கொள்கிறது சிப்.
ஆக, நான் இதுவரை வித்த கலியாணமெல்லாம்
மூன்றில் இரண்டு பங்கு
அயலட்டை சொன்ன கதை.

பிறகு வெள்ளை.
விளக்கடியில் மாப்பிள்ளையின் வேட்டி
கறுத்தக்கொழும்பான் சதையின் நிறம்.
இது வெள்ளையாய்த்தான் இருக்கவேணும் எண்டு
தானே தீர்மானித்து
நீலத்தை இரண்டரை மடங்காய்ப் பெருக்கும்.
நீலத்துக்குள் கிடந்த இரைச்சலும் கூடவே பெருகும்.
இருட்டு உலைநீராய்க் கொதிக்கும், புள்ளி புள்ளியாய்.
அதற்கும் மருந்து வைத்திருக்கிறது:
தனிச்சு நிக்கிற புள்ளியைப் பார்,
அயலோடு ஒத்துவராட்டி
தடவிவிடு.

தடவிவிட்டது.
பொட்டு அணைந்து படம் வந்தது.
சுபதாரிணியின் மூக்குத்தி, குனிந்த நெற்றி,
பின்னால் எண்ணெய் பூசினது மாதிரி
வழுவழுத்த இருட்டு.
நல்ல படம் எண்டார்கள் எல்லாரும்.

இரவு இரண்டு மணி. இணுவிலில் என் அறை.
சமைக்காத பைலைத் திறந்தேன்.
பதினாறாயிரம் படியை
இருநூற்றைம்பத்தாறாய்ச் சுருக்கமுன்
காட்டில் அப்படியே கிடந்த பச்சைக் கணக்கு.
நிழலை மெல்ல, இன்னும் மெல்லத் தூக்க,
தூணுக்குப் பின்னால்
ஒரு கை.
சேலைத்தலைப்பைக் கடித்தபடி ஒரு வாய்.
மாப்பிள்ளையின் தாய், யோகாம்பிகை.
புருசன் இல்லாதவ மணவறைக்கு முன்னால் வரக்கூடாதெண்டு
ஆரும் சொல்லியிருப்பார்கள், அல்லது
சொல்லாமலே விளங்கியிருக்கும்.

இரைச்சலை எடுக்கவா எண்டு கொம்பியூட்டரும் கேட்டது.
வேண்டாம்.

ஆல்பம் எடுக்க வந்தது தமையன் தயாபரன்.
அந்தப் பக்கத்தில் நின்று
"இதென்ன தம்பி, புள்ளி புள்ளியாய்க் கிடக்கு?"
ஓம், புள்ளிதான் எண்டேன்.
கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார்.
கிட்டப் பிடித்தார்.
முழு ஆல்பத்துக்கும் விலை பேசினவர்
அந்தப் பக்கத்துக்கு மட்டும்
பேசவில்லை.