ஓலோமோட்ஸுக்கு ஒரு கடல்

பியானோ ஏற்றியிருக்கிறேன்.
இறந்தவர் அலமாரியைப் பூட்டுத் திறக்காமலே ஏற்றியிருக்கிறேன்.
கடலை ஏற்றுவது இதுதான் முதல்முறை.

பிர்னோவில் நான்காவது மாடி. லிஃப்ட் பழுது.
க்வெத்தா, இரவுப்பணி நர்ஸ்,
கதவைத் திறந்ததும் வணக்கம்கூடச் சொல்லவில்லை.
"வேனுக்குள் எத்தனை டிகிரி?"
நவம்பர். வெளியே இரண்டு.
உள்ளே இருபத்தைந்து வேண்டுமாம்.
என் மகள் பிறந்து வீட்டுக்கு வந்த நாளில்கூட
ஹீட்டரை அத்தனை தூரம் திருகியதில்லை நான்.

இரண்டு நாளாக மீன்களுக்குத் தீனி இல்லை என்றாள்.
வயிறு காலியாக இருந்தால்
வழியில் தண்ணீர் கெடாது.
அவளும் சாப்பிட்ட மாதிரித் தெரியவில்லை.

முதலில் தண்ணீர், மூடி போட்ட பதினொரு வாளி.
பிறகு பாறைகள்.
"நனைந்தே இருக்கட்டும், உயிரெல்லாம் அதில்தான்."
என் கண்ணுக்குத் துளைகள்தான் தெரிந்தன.
மீன்களை வலை வீசிப் பிடிக்கவில்லை.
ஒரு டப்பாவை அடியில் கொண்டுபோய்
அவையாக வந்து ஏறியதுபோல் ஏந்தினாள்.
மீன்கள் போனபின் மணலைக் கிளற
அழுகிய முட்டை நாற்றம்.
ஆறு வருட மணல். குப்பைக்குப் போனது.
ஒரு கைப்பிடி மட்டும் அலசி
நைலான் காலுறைக்குள் முடிந்துகொண்டாள்.
ஏன் என்று நான் கேட்கவில்லை.

கண்ணாடித் தொட்டிக்கு நாலு கை வேண்டும்.
இரண்டு என்னுடையவை. மற்ற இரண்டும்
மூன்றாம் மாடித் திருப்பத்தில் காத்திருந்தன.
ராடிம், முன்னாள் கணவன்.
"முப்பத்தைந்துதானே?"
"முப்பத்துநாலரை."
உப்பைத் தவிர அவர்கள் வேறெதுவும் பேசவில்லை.
தெருவில் கையைத் துடைத்துக்கொண்டு
டிராம் ஏறிப் போய்விட்டான்.

விஷ்கோவ் தாண்டி ஒரு லாரி குடைசாய்ந்து கிடந்தது.
நெடுஞ்சாலை முழுக்கச் சிவப்பு விளக்கு.
ஒரு மணி நேரம். ஒன்றரை.
வாளிக்குக் காற்று ஊதிய பம்ப்
ஒருமுறை இருமிவிட்டு நின்றது.
மாற்று பேட்டரி பெட்டியில் இருக்கிறது,
பெட்டி பாறைகளுக்குக் கீழே இருக்கிறது.

"குவளை இருக்கா?"
என் தெர்மாஸ் குவளையைக் காபி வாடை போகத் தேய்த்தாள்.
மொண்டு, உயர்த்தி, ஊற்றி,
மொண்டு, உயர்த்தி, ஊற்றி.
விழும் தண்ணீர் காற்றையும் இழுத்துக்கொண்டு போகுமாம்.
சூடே இல்லாத ஒன்றை
அவள் ஆற்றிக்கொண்டிருந்தாள்.
கை ஓய்ந்ததும் நான் வாங்கிக்கொண்டேன்.
வாளி இருட்டில் ஒரு ஆரஞ்சு விலா
மினுங்கி மறைந்தது.
குரோஷியாவில் ஒரு கோடை, கடல் பார்த்திருக்கிறேன்.
அதற்கு அன்று நான் எதுவும் செய்ய வேண்டியிருக்கவில்லை.

ஓலோமோட்ஸ், இரவு பத்து.
மெல்லிய குழாயில் சொட்டுச் சொட்டாகப்
புதுத் தண்ணீரைப் பழக்கினாள்.
"இன்றைக்கு விளக்கு வேண்டாம்."
டார்ச்சை விரல்களால் பொத்திக்கொண்டு எண்ணினாள்.
ஐந்து.
மறுபடி, ஐந்து.
ஆறு இருக்க வேண்டும்.
பாறை பாறையாகத் தேடினோம்.
விரல் நீளக் கோபி ஒன்று
தன் துளைக்குள் இருந்தபடியே வந்திருந்தது,
வீடு மாறியதே தெரியாமல்.
அப்போதுதான் அவள் உட்கார்ந்தாள்,
தரையில், கோட்டைக்கூடக் கழற்றாமல்.

பணம் வாங்கினேன். குவளையை மறந்தேன்.

மார்ச்சில் வேனைக் கூட்டும்போது
விரிப்புக்கு அடியில் வெள்ளை வளையம்,
ஒரு வாளியின் அடியளவு.
யாரும் பார்க்கவில்லை, தொட்டு நக்கினேன்.
எந்தக் கடலின் உப்பும் இல்லை அது.
பொட்டலத்து உப்பு, குளியல் தொட்டியில் கலக்கியது.
ஆனாலும் உதட்டில் வெகுநேரம் இருந்தது.

மறுநாள் ஒரு பியானோ.
அதற்கும் ஹீட்டர் போட்டேன்.