ஹார்

வேட்புமனுவில் பத்துக் கோடுகள்.
முன்மொழிபவர் பெயர், மாநிலம், கையொப்பம்.
ஒன்பது நிரம்பியிருந்தது.

நான்தான் தட்டச்சு செய்தேன்,
இருபத்தாறு வருடமாக அவருடைய எல்லாவற்றையும் செய்ததுபோல:
இரண்டு ராஜினாமா (ஒன்றை அவர் கொடுக்கவேயில்லை),
ரயில்வே நிலைக்குழுவின் ஏழு வருடக் குறிப்புகள்,
இரங்கல் செய்திகள்,
பெண்ணின் கல்யாண உறைகளில் ஆயிரத்து நானூறு விலாசம்.

கட்சியில் ஏகாம்பரநாதன் என்றால் 'மெட்ராஸ் அண்ணா.'
அவர் ஊர் அறந்தாங்கி.
நாற்பது வருடம் திருத்திவிட்டு
ஒரு நாள் விட்டுவிட்டார்.

வரவேற்பறைச் சுவரில் ஐந்து தலைவர்களின் படங்கள்.
ஐந்திலும் பக்கத்தில் குனிந்து
மைக்கைச் சரிசெய்துகொண்டிருப்பவர் ஐயா.

அறுபத்தெட்டு வயதில் இந்தி வாத்தியார் வைத்தார்.
லக்ஷ்மி நகரிலிருந்து மெட்ரோவில் வரும் பையன், தீபாங்ஷு.
மணிக்கு எழுநூறு.
நாற்காலி பெண்பால் என்றான்.
ஏன் என்றார்.
கட்சியும் பெண்பால்தான் என்றான்.
ஹார் என்றால் மாலை, ஆண்பால்.
அதே ஹார் என்றால் தோல்வி, அது பெண்பால்.
அன்றைய பாடம் அதோடு நின்றது.
டீ ஆறிப்போனது.

மனுவுக்குக் கடைசி நாளின் முந்தைய இரவு.
வண்டி முன்னால் பனி,
பனிக்கு முன்னால் இன்னும் பனி.
பண்டாரா ரோட்டில் பாட்னாக்காரர்
'நீங்கள் எனக்கு அப்பா மாதிரி' என்று முந்திரி நீட்டினார்.
பேனாவை நாங்கள் நீட்டினோம். முந்திரி இன்னும் கொஞ்சம் வந்தது.
கட்டாக் அம்மாள் கைவலி என்று கட்டைக் காட்டினார்.
கட்டு இடது கையில் இருந்தது.
நார்த் அவென்யூவில் நாங்கள் கேட்டைத் தொடும்போதே
விளக்கு அணைந்தது.

'முனிர்கா போ' என்றார் டிரைவரிடம்.
எனக்கு வயிற்றைப் பிசைந்தது.

முனிர்காவில் இருப்பது நௌடியால்.
நான் வேலைக்குச் சேர்ந்த இரண்டாம் வருடம்
இதே நாற்காலிக்கு நின்றவர்,
இதே பத்தாவது கையெழுத்துக்கு எங்கள் வீட்டு மணியை அடித்தவர்.
'ஐயா ஊரில் இல்லை' என்று சொல்லச் சொன்னார். சொன்னேன்.
வாசலில் ஐயாவின் செருப்பு கிடந்தது.
நௌடியால் செருப்பைப் பார்த்தார்.
எனக்கு ஒரு வணக்கம் சொன்னார்.
படி இறங்கிப் போய்விட்டார்.

லிஃப்ட் கிடையாது, மூன்றாவது மாடி.
ஐயா இரண்டு இடத்தில் நின்று மூச்சு வாங்கினார்.
குரங்குக் குல்லாயோடு கதவைத் திறந்தார் நௌடியால்.
பிரதிநிதிப் பட்டியலில் அவர் பெயர் இன்னும் இருந்தது,
எடுக்க யாருக்கும் ஞாபகமில்லை.
தாளைப் படிக்கவில்லை.
'வகுளாஜி, பேனா?' என்றார்.
என் பெயர் எப்படி நினைவிருந்தது!
கையெழுத்துப் போட்டு, தாளைத் திருப்பித் தந்து,
ஐயாவின் வெறுங்காலைக் குனிந்து பார்த்தார்.
'செருப்போடவே வந்திருக்கலாமே.
தரை குளிர்.'

மொத்தம் ஆயிரத்து எண்ணூற்றுப் பன்னிரண்டு ஓட்டு.
எங்களுக்கு இருநூற்றுப் பதினொன்று.
சண்டிகர் பெட்டியில் ஒன்றே ஒன்று;
அங்கிருந்து முன்மொழிந்தவர்கள் மூன்று பேர்.

திருப்பூர்ப் பையன்கள் காஸிப்பூர் மண்டியில்
அறுபது மாலைக்கு முன்பணம் கட்டியிருந்தார்கள்.
பூக்காரன் திருப்பி எடுக்க மாட்டேன் என்றுவிட்டான்.
அதில் ஒன்றை எடுத்துப்போய்
ஐயா புதியவருக்குப் போட்டார், நாற்பத்து நான்கு வயதுக்காரர்.
மைக் உயரமாக இருந்தது.
இறக்கிக் கொடுத்தார்.

பிறகு தனக்கு இரண்டு நிமிடம் கேட்டார்.
இந்தியில் பேசினார், தாள் இல்லாமல்.
நடுவில் 'மேரா ஹார்' என்றார்.
ஆண்பால்.
கூடம் செல்லமாகச் சிரித்தது, மெட்ராஸ் அண்ணா அல்லவா.
பின்வரிசையில் தீபாங்ஷு நெற்றியில் அடித்துக்கொண்டான்.
நான் ஐயாவின் முகத்தைப் பார்த்தேன்,
பிழை செய்தவர் முகமாகத் தெரியவில்லை. சரியாகத் தெரியவில்லை,
நான் உட்கார்ந்திருந்தது தூணுக்குப் பின்னால்.

வண்டியில் கேட்க நினைத்தேன்.
மீதி மாலைகள் டிக்கியில், செவ்வந்தி வாடை.
மூல்சந்த் பாலத்தின் மேல் போகும்போது அவரே வாயைத் திறந்தார்:
'அந்தப் பையனுக்கு மூணு மணி நேரம் பாக்கி.
ரெண்டாயிரத்து நூறு. எழுதிக்கோ.'

எழுதிக்கொண்டேன்.