இரண்டு விரல் கொள்ளும் துளை

சனி முழுக்க ஈசூனில்
பன்னிரண்டுக்கும் பதின்மூன்றுக்கும் நடுவே நின்றுபோன
மின்தூக்கியின் தலைமேல் குந்தியிருந்தேன்.
கிரீஸ் நாற்றம். காலடியில், பெட்டிக்குள்,
மீன் பையோடு ஒருவர், பொறுமையாக.

ஞாயிறு ஏழு மணி.
அதே தோள், அதே முழங்கை,
டெய்ரி ஃபார்ம் கல்குவாரியின் அடியில்.
அனுமதிக் கடிதம் பிளாஸ்டிக் உறைக்குள் வியர்க்கிறது.
“உனக்குக் கயிறே கதி” என்கிறாள் ரொஹானா,
என் முடிச்சை இழுத்துப் பார்த்துக்கொண்டே.
ஹாக் செங் இன்னும் காப்பியை முடிக்கவில்லை.

மலை என்று சொல்லக் கூச்சம்தான்.
நூற்று அறுபத்து மூன்று மீட்டர்.
நகரத்தின் கட்டடங்கள் சில
இதைக் குனிந்துதான் பார்க்கும்.
ஜொகூர் நண்பர்கள் வந்தால்
கண்ணுக்குமேல் கையை வைத்து
எங்கே, எங்கே என்று தேடுவார்கள்.
கருங்கல்லுக்குத் தன் உயரம் தெரியாது.
விழுகிறவளுக்கு எட்டு மீட்டர் போதும்.

முதல் பாதியில் சிரமமில்லை.
கால் வைக்கப் படி, கை வைக்கக் காது.
பிடித்துத் திருகினாலும் கோபிக்காத காதுகள்.
பிறகு ஒரு வழவழப்பு,
இரவு மழை இன்னும் உலராத இடம்.
கன்னத்தை ஒட்டி மூச்சு வாங்கினேன்.
அத்தனை அருகில் பார்த்தால்
உப்பும் மிளகும் கொட்டிவைத்த மாதிரி கல்.
ஒவ்வொரு பரலும் உள்ளங்கையைக்
கொஞ்சம் கொஞ்சமாகத் தின்கிறது.

இடப்பக்கம் துழாவினேன்.
ஒரு துளை.
நேராக, உருண்டையாக,
இரண்டு விரல் கொள்ளும் அளவில்.
மழை இப்படித் துளைக்காது. வேருக்கும் இந்த ஒழுங்கு வராது.
வெடிமருந்து வைக்கப் போட்ட துளை.
வைக்க மறந்தார்களோ,
அன்றைக்குச் சம்பளம் வரவில்லையோ,
மணியடித்துவிட்டதோ
(யோசிக்கிற நேரமா இது, வலது கால்
தையல் மெஷின்போல் அடித்துக்கொள்கிறது)
இரண்டு விரலையும் செருகித் தொங்கினேன்.

வெடித்தெடுத்த மலை எங்கே போயிருக்கும்?
தார்ச்சாலைக்கு அடியில்,
கடலை மறித்த கரைக்கு அடியில்,
யார் வீட்டுத் தூணுக்குள்ளோ.
அறுபத்தேழாம் எண் பேருந்து
தினமும் அதன்மேல்தான் ஓடுகிறதோ என்னவோ.
மிச்சம் வைத்ததில் ஒரு விளிம்பு
இப்போது என் விரலில் இருக்கிறது.

“கயிறு!”
ரொஹானா இறுக்கினாள். வானம் சற்று நின்றது.

மேலே போனால் முகடு,
ஒரு கட்டில் அகலம்.
வலப்பக்கம் காடு, இடப்பக்கம் ஒன்றுமில்லை.
நான் நாலு காலில் ஊர்ந்த இடத்தில்
ஒரு குரங்கு, வயிற்றில் குட்டியோடு,
கடைக்குப் போகிற அவசரத்தில் நடந்து கடந்தது.
ஹாக் செங்கின் ரொட்டிப் பொட்டலமும் கூடவே போனது.
பாதிச் சிரிப்பில் கை நழுவப் பார்த்தது எனக்கு.
அதற்குப்பிறகு யாரும் சிரிக்கவில்லை,
கொஞ்ச நேரத்துக்கு.

இரண்டரைக்கு இடி.
முதலில் தூரத்தில், யாரோ மேசை நகர்த்துவதுபோல்.
பிறகு மூன்று கைப்பேசிகளும் ஒன்றாகக் கத்தின, மின்னல் எச்சரிக்கை.
முகட்டின் கடைசிப் பாறைக்கு
இன்னும் பத்து மீட்டர்தான்.
பார்த்தேன். அதுவும் பார்த்தது.
“அது எங்கேயும் போகாது, வா” என்றாள் ரொஹானா.
எனக்கு அவ்வளவு நிச்சயமில்லை;
பாதி ஏற்கெனவே போய்விட்டதே.
இறங்கினோம். கயிறு கனத்தது மழையில்.

திங்கள்கிழமை, அதே புளோக்.
கதவைப் பிடித்துக்கொண்டேன், ஒருவர் ஏறினார்.
மீன் பையை அடையாளம் தெரிந்தது.
என் விரலின் பிளாஸ்திரியைக் காட்டி என்னவென்றார்.
மலையேறினேன் என்றேன்.
“ஓ, வெளிநாடா?”
“இங்கேதான். பேருந்தில் போய் வரலாம்.”
என்னை மேலும் கீழும் பார்த்தார்.
பதின்மூன்றை அழுத்தினார்.