இருபது டன்

சட்டம் தயார்.
ஆறங்குலச் சேனல் வெட்டி ஒட்டியது,
அவனியாபுரம் பைபாஸ் ஓரம் என் ஷெட்டுக்குள்
நாலு நாளாய்
தலையில்லாமல் நிற்கிறது.
"தலை எப்பக்கா வரும்?"
வெல்டர் சூசைக்குப் பொறுக்கவில்லை.

பாட்டில் ஜாக்கியே போதும் என்கிறான்.
மூவாயிரத்துக்குள் முடிந்துவிடும்.
கவிழ்த்து வைத்தால் காற்றை விழுங்கி மடக்கும்,
நிமிர்த்தி வைத்தால் தள்ளும்,
எவ்வளவு தள்ளுகிறது என்று மட்டும் சொல்லாது.
சொல்லாமல் தள்ளுகிற ஆளோடு
பதினோரு வருஷம் குடும்பம் நடத்தியவள் நான்.
எனக்கு மீட்டர் வேண்டும்.

பழங்காநத்தத்தில்
ஜேசிபி உடைத்து விற்கிறார் மீராசா.
கிலோக் கணக்கில் சிலிண்டர்.
ராடை இழுத்து, குரோம் மேல் நகத்தை ஓட்டினேன்.
இரண்டு இடத்தில் நகம் மாட்டியது.
"சீல் மாத்துனா சரியாப் போகும் தாயி."
இந்தக் கீறல் புதுச் சீலையும் தின்னும் அண்ணே,
அடுத்ததை எடுங்க.

மூன்றாவது வழுக்கிக்கொண்டு வந்தது.
உள்விட்டம் எண்பது மில்லி.
பில் புத்தகத்தின் முதுகில் கணக்குப் போட்டேன்:
பரப்பு ஐம்பது சதுர சென்டிமீட்டர்,
இருபது டன் வேண்டுமென்றால்
ஒவ்வொன்றின் மேலும் நானூறு கிலோ.
இதுவோ
இருநூற்றுச் சொச்சத்துக்குப் பிறந்தது.
"நானூறும் தாங்கும்," என்றார்.
தாங்கும். ஒரே ஒரு தடவை.

டீ ஆறிக்கொண்டிருந்தது.
இருபது என்று யார் சொன்னது எனக்கு?

எதிர்சாரியில் தங்கமாரியப்பன் போர்டு:
இருபது டன் பிரஸ் இங்கு உண்டு.
பேரிங்குக்கு நூற்றைம்பது கொடுத்து
வந்த ஆம்பிளை வேலையெல்லாம் முடிகிறவரை
அவன் வாசலில்
ஹப்பை மடியில் வைத்து உட்கார்ந்தேனே,
அப்போது தினமும் வாசித்த எண்.

என் வேலை லோடு ஆட்டோ ஹப்பு.
ஆறு டன். துருப்பிடித்தால் எட்டு.

சிலிண்டரை எடை போடச் சொன்னேன்.

வடக்கு வெளி வீதியில் மீதியெல்லாம்:
கரண்ட்டை நம்பாத கைப்பம்பு,
இரண்டு கம்பிப் பின்னல் ஹோஸ் (இது மட்டும் பழசு வேண்டாம்),
ராடை மேலே இழுக்க ஷட்டர் ஸ்பிரிங் ஒரு ஜோடி,
இருநூற்றைம்பது வரை எண் போட்ட மீட்டர்.
ரிலீஃப் வால்வை இருநூறில் பூட்டித் தந்த பையன்
சீல் மெழுகு வைத்தான்.
"இதுக்கு மேல அழுத்துனா அதுவே வழி விட்டுரும்."
நல்ல பொருள். வீட்டுக்கும் ஒன்று கிடைக்குமா என்று கேட்கவில்லை.

திரும்பி வந்தால்
சட்டத்தில் சாக்பீஸில் 20 என்று எழுதியிருக்கிறான் சூசை.
இரண்டை அழித்து ஒன்று போட்டேன்.
முகம் சுண்டிப்போனான்.

முதல் ஹப்பு, உசிலம்பட்டிப் பூ வண்டி.
நெம்புகோலை அடிக்க அடிக்க முள் ஏறியது,
எண்பது, நூறு, நூற்று நாற்பது,
அங்கேயே நின்றது.
சூசை தூணுக்குப் பின்னால் போய்விட்டான்.
இன்னும் அரை அடி.

டொப்.

பேரிங் மணலில் கிடந்தது, முழுசாக.
வால்வைத் திறந்தேன். முள் இறங்கி
பூஜ்யத்துக்கு ஐந்து முன்னால் உட்கார்ந்துகொண்டது.
தட்டினேன், அசையவில்லை.
மலிவு மீட்டர்.
பரவாயில்லை,
ஐந்தைக் கழித்துப் படித்துக்கொள்வேன்.